உப்புக்குள்ளே ஒரு 'டிங்'!

எங்கள் ஆபீஸில், கணக்குப் பிரிவில் ஒரு இளைஞன். நிஜப் பெயர் எதற்கு? 'சிக்னல்' என்று வைத்துக்கொள்வோம். லஞ்ச் நேரத்தில் மற்ற பையன்கள் பைக், போன், கிரிக்கெட் என்று பேசிக்கொண்டிருக்க, இவன் மட்டும் மெட்டல் டிடெக்டரைப் பற்றிப் பேசுவான்.

மெட்டல் டிடெக்டர் என்றதும் உங்களுக்கு விமான நிலையமும், பெரிய கோயில் வாசலில் 'பையைத் திறங்க' என்கிற போலீஸ்காரரும் ஞாபகம் வரலாம். எனக்கும் அப்படித்தான். சிக்னல் சொல்வது வேறு சமாசாரம். நீளமாக ஒரு கம்பு. அடியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு வட்டம். கைப்பிடி அருகே ஒரு சின்னத் திரை. காதில் ஹெட்போன். தரையைத் தடவிக்கொண்டே போனால், மண்ணுக்குள் உலோகம் இருக்கிற இடத்தில் 'டிங்'. வெளிநாடுகளில் ஞாயிற்றுக்கிழமையானால் இதைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் கடற்கரைக்கும் கிளம்புகிற கூட்டமே இருக்கிறதாம்.

அந்தக் கூட்டத்தின் முக்கியமான வேலை தேடுவது என்று நினைத்தேன். இல்லை. அடுத்த மாடலுக்குக் காத்திருப்பது!

ஆஸ்திரேலியாவின் மைன்லேப் கம்பெனி 2017-ல் 'ஈக்வினாக்ஸ்' வரப்போகிறது என்று அறிவித்தது. கைக்கு வந்தது 2018-ல். நடுவில் இவர்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. 2021-ல் பிரான்ஸின் எக்ஸ்பி கம்பெனி 'டியூஸ் 2' என்றது. துருக்கியின் நோக்டா, 'லெஜண்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2022-ல் மறுபடி மைன்லேப், 'மான்டிகோர்'. ஒவ்வொரு தடவையும் இவர்களுக்கு ஒரே கவலை. பழசை இப்பவே விற்றுவிடலாமா, புதுசு வந்த பிறகு விற்கலாமா?

"டியூஸ் 2-ஐ 20 மீட்டர் ஆழத் தண்ணிக்குள்ள கொண்டு போகலாம் ஸார்!"

"உனக்கு நீச்சல் தெரியுமாப்பா?"

"தெரியாது ஸார்."

"பின்னே?"

"ஒரு வசதி இருக்கட்டுமே!"

கடைசியில் அவனும் ஒரு மிஷின் வாங்கிவிட்டான். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். அவன் பைக்கைவிட விலை அதிகம் என்பது மட்டும் தெரியும். பைக்குக்கான தவணை இன்னும் முடியவில்லை என்பதும் தெரியும்.

அவனுக்கு ஒரு போட்டியாளர் உண்டு. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எல்லோருக்கும் 'லைன்மேன் ஸார்'. பூமிக்குள் கேபிள் எங்கே போகிறது என்று தேடியே முப்பது வருஷம் ஓட்டியவர். அவரிடம் இருப்பது ஒரு கிழட்டு மிஷின். திரை கிடையாது. ஒரு முள், ஒரு குமிழ், கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப்.

"என்னுதுல பல அலைவரிசை ஒரே நேரத்துல ஓடும். உங்களுது ஒத்தை அலைவரிசை!" என்பான் இவன்.

"ஒனக்குக் காது ரெண்டுதானே?" என்பார் அவர்.

இந்தச் சண்டை ஒரு முடிவுக்கு வர, அனுமந்தைக்குப் போவது என்று தீர்மானமாயிற்று. நடுவர், நான்.

* * *

அனுமந்தை எங்கே என்கிறீர்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டி, புதுச்சேரி போகிற வழியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழுவெளி, நடுவில் பனை மரம். மரக்காணம் பக்கம் போனால் ரோட்டோரம் வெள்ளை வெளேர் என்று உப்பளம். சிக்னலின் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது அனுமந்தையில்தான். ஆகவே சாப்பாட்டுச் செலவும் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் இரண்டு மிஷினையும் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வீணையா ஸார்?" என்றார். "கிட்டத்தட்ட" என்றேன்.

வழியெல்லாம் சிக்னலுக்குக் கனவு. "ஸார், சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. தெற்கே போனா அரிக்கமேடு. 1945-லே மார்டிமர் வீலர் தோண்டிப் பார்த்து, ரோமாபுரி வியாபாரம் நடந்த இடம்னு சொன்னார். ஒரே ஒரு காசு... ஒரே ஒரு ரோமானியக் காசு..."

நான் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினேன். நம் நாட்டில் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் என்று ஒன்று உண்டு. மண்ணில் மறைந்து கிடந்த புதையல் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1878-ல் பத்து ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு ஒரு டீ. பாதுகாக்கப்பட்ட பழைய சின்னங்கள் இருக்கிற இடத்தில் அனுமதி இல்லாமல் தோண்டுவதும் குற்றம். "அரிக்கமேடு, கோட்டை, கோயில் பக்கமெல்லாம் இந்தக் கம்பைத் தூக்கிக்கிட்டுப் போனே, உனக்கு ஜாமீன் எடுக்க நான் வரமாட்டேன்" என்றேன்.

லைன்மேன் ஸார் கண்ணை மூடியபடியே ஒரு கதை சொன்னார். நிஜக் கதை. 1992 நவம்பர். இங்கிலாந்தில் ஹாக்ஸ்னே என்று ஒரு கிராமம். ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்கிற நண்பரைக் கூப்பிட்டு, "உன் மிஷினை வெச்சுக் கொஞ்சம் தேடிக் கொடேன்" என்றார். சுத்தியலைத் தேடப் போன இடத்தில் ரோமானியர் காலத்துப் புதையல்! சுமார் 15,000 காசுகள், நகைகள், வெள்ளிக் கரண்டிகள். மனிதர் மேலே தோண்டாமல் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். தொல்லியல் ஆட்கள் வந்து பத்திரமாக எடுத்தார்கள். வெகுமதியாகக் கிடைத்த பதினேழரை லட்சம் பவுண்டை விவசாயியோடு பங்கு போட்டுக்கொண்டார்.

"சுத்தியல் கிடைச்சுதா?" என்றேன்.

"கிடைச்சுது. அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு."

"பார்த்தீங்களா, நல்ல மிஷின்!" என்றான் சிக்னல்.

"மிஷினா? 2009-லே ஸ்டாஃபோர்ட்ஷையர்ல டெர்ரி ஹெர்பர்ட்னு ஒருத்தர். பழைய சாமான் விக்கிற இடத்துல ரெண்டரை பவுண்டுக்கு வாங்கின மிஷின். பதினாலு வருஷப் பழசு. அதை வெச்சு அவர் கண்டுபுடிச்ச புதையல்ல 3,500 துண்டுக்கு மேல தங்கமும் வெள்ளியும். மதிப்பு 32 லட்சம் பவுண்டுக்கு மேல" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை நிஜமாகவே தூங்கிப் போனார்.

* * *

ஞாயிறு காலை ஆறு மணி. அனுமந்தைக் கடற்கரை. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எங்களை ஏதோ சர்வே டிபார்ட்மெண்ட் என்று நினைத்துக் கொஞ்சம் மரியாதை கொடுத்தார்கள்.

அடி ஸ்கேலால் அளந்து, காய்ந்த மணலில் சில்லறைகளைப் புதைத்தேன். ஐந்து ரூபாய்க் காசு எட்டு அங்குலத்தில். சிக்னல் மிஷின் 'டிங்'. லைன்மேன் ஸார் மிஷின் மௌனம். ஆறு அங்குலத்தில் இரண்டுமே 'டிங்'. சிக்னல் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அடுத்து ஒரு ரூபாய்க் காசு. இங்கே ஒரு வேடிக்கை. நம்முடைய இப்போதைய ஒரு ரூபாய், காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டீல். 'இரும்பெல்லாம் வேண்டாம், ஆணி வேண்டாம்' என்று மிஷினில் சொல்லிவைத்தால், அது நம் ரூபாயையும் சந்தேகமாகப் பார்க்கிறது. சிக்னலின் மிஷின் ஒரு தடவை 'டிங்' என்றது, ஒரு தடவை 'க்ர்ர்' என்றது. அதற்கே தெரியவில்லை.

பிறகு அலை நனைக்கும் ஈர மணலுக்குப் போனோம். கிழட்டு மிஷின் காது கிழியக் கத்த ஆரம்பித்தது. எங்கே வைத்தாலும் கத்தல். சிக்னல் சிரித்தான். அவன் மிஷின் அமைதியாக இருந்தது.

ஏன் என்பதை லைன்மேன் ஸாரே சொன்னார். அடித்தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் விநாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் கரண்ட் ஓடுகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதற்குள்ளும் ஒரு குட்டிக் கரண்ட் சுழலும். அது பதிலுக்கு ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலின் தன்மையைப் பார்த்து 'இது வெள்ளி, இது தகரம்' என்று மிஷின் யூகித்து ஒரு எண்ணைக் காட்டும். கெட்ட காலம், உப்புத் தண்ணீரும் கரண்டைக் கடத்தும். அதனால் ஈர மணல் முழுக்கவே ஒரு பெரிய உலோகத் தகடு மாதிரி குரல் கொடுக்கிறது. ஒரே அலைவரிசைக்கு இது குழப்பம். பல அலைவரிசை மிஷின், ஒவ்வொன்றிலும் உப்பு எப்படிப் பேசுகிறது என்று ஒப்பிட்டு, அதைக் கழித்துவிடும். 1991 வாக்கில் 'சாவரின்' என்ற மிஷினோடு பிரபலமான வித்தை இது.

"ஒத்துக்கறேன். கடற்கரையில நீ ஜெயிச்சே" என்றார் பெரியவர்.

போட்டி முடிந்தது, இட்லிக்குப் போகலாம் என்று நான் நினைத்த நேரம். சிக்னலின் அக்கா வந்தாள். கூடவே பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கணுக்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளைக் கொலுசு மாதிரி இருந்தது. ஒரு காதில் கம்மல். இன்னொரு காதில் துடைப்பக் குச்சி.

"இன்னா தம்பி, இது தங்கத்தைக் கண்டுபுடிக்குமாமே?"

* * *

வெள்ளிக்கிழமை உப்பு வாரும்போது ஒற்றைக் கம்மல் விழுந்திருக்கிறது. விழுந்தது தெரியவில்லை. வேலை முடிந்து மூஞ்சி கழுவும்போதுதான் கவனித்திருக்கிறாள். போன மாசம்தான் அடகுக் கடையிலிருந்து மீட்டது.

"மழை வந்துட்டா அளத்துல வேலை கெடையாது தம்பி. ரெண்டு மூணு மாசத்துக்கு இந்தக் கம்மல்தான் எங்களுக்குச் சோறு. வெச்சுத் தின்னுட்டு, சீசன் வந்ததும் மீட்டுக்குவோம். ஒத்தைய வெச்சா எவன் குடுப்பான்?"

இட்லி மறந்துபோயிற்று.

உப்பளத்தில் விடிவதற்கு முன்னாலேயே வேலை ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். நாங்கள் போனபோது ஆட்கள் கரையேறிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னோம். "பாத்தியை மிதிச்சுக் கெடுத்துடாதீங்க ஸார்" என்று அனுமதி கொடுத்தார்.

சிக்னல் முகத்தில் அப்படி ஒரு தன்னம்பிக்கை. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திக்குள் இறங்கினான். தட்டை நீட்டினான்.

மிஷின் அலறியது!

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தியில் உப்புப் பூக்கிற சமயம் அது 250 கிராமைத் தாண்டிவிடும். கடற்கரைக்கென்று செய்த மிஷினை இங்கே கொண்டுவந்தால் அது என்ன செய்யும், பாவம்? சிக்னல் குமிழ்களைத் திருகினான். உப்பை ஒதுக்கு, இன்னும் ஒதுக்கு, இன்னும். கடைசியில் மிஷின் வாயை மூடியது.

"இப்ப பாருங்க!" என்று அரை மணி நேரம் பாத்தி முழுக்கத் தடவினான். ஒரு சத்தமும் இல்லை.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்றார் லைன்மேன் ஸார். "அந்த அம்மாகிட்ட இன்னொரு கம்மல் இருக்கு இல்லே? அதை வெச்சுப் பார்."

அக்கா தயங்கினாள். இருப்பதும் போய்விட்டால்? பிறகு கழற்றினாள். லைன்மேன் ஸார் அதை முழ நீளச் சிவப்பு நூலில் கட்டி, நூலின் மறுமுனையை அவள் விரலிலேயே சுற்றிவிட்டார். கரையோரக் காய்ந்த மணலில் வைத்தபோது, நாலு அங்குல உயரத்திலேயே 'டிங்'. அதையே பாத்தியில், உப்புத் தண்ணீருக்குள் வைத்தார். சிக்னல் தட்டை நேர் மேலே கொண்டுபோனான்.

மௌனம். இன்னொரு தடவை. மௌனம்.

கண்ணெதிரே தங்கம் கிடக்கிறது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிஷினுக்குத் தெரியவில்லை! விஷயம் இதுதான். உப்புத் தண்ணீரின் குரலும், மெல்லிய தங்கக் கம்மலின் குரலும் கிட்டத்தட்ட ஒன்று. திரையில் இரண்டின் எண்களும் பக்கத்துப் பக்கத்து வீடு. உப்பை வாயை மூடச் சொன்னால், கம்மலும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. துடிப்பு துடிப்பாக மின்சாரம் அனுப்பி, உப்பின் குரல் அடங்கும்வரை காத்திருந்து கேட்கிற வேறு ரக மிஷின்கள் இருக்கின்றன. ஆனால் மெல்லிசு நகையின் குரலும் அதே வேகத்தில் அடங்கிவிடும். ஆக, அந்த அரை மணி நேரமும் நாங்கள் தேடியது தேடலே இல்லை.

எனக்கு கிரகாம் பெல் ஞாபகம் வந்தார். டெலிபோன் பெல்தான். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே என்று தெரியவில்லை. பெல் அவசரமாக ஒரு உலோகம் தேடும் கருவி செய்து கொண்டுபோனார். கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் இரும்பு ஸ்பிரிங்! அதுவே சத்தம் கொடுத்துக் குழப்பியது. டாக்டரோ குண்டு வலது பக்கம்தான் என்று அங்கேயே தேடவைத்தார். அது இருந்ததோ இடது பக்கம். ஜனாதிபதி பிழைக்கவில்லை.

இங்கே உப்புதான் ஸ்பிரிங். சரி, வலது பக்கம், இடது பக்கம்?

நான் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா கேட்டாள். "ஏன் தம்பி, அது பாத்தியிலதான் கெடக்குதுன்னு யாரு சொன்னது? வாரும்போது வுழுந்திருந்தா, உப்போட சேர்ந்து கூடைக்கு வந்திருக்குமே?"

லைன்மேன் ஸார் எழுந்தார். கிழட்டு மிஷினை எடுத்துக்கொண்டு உப்பு அம்பாரத்துக்குப் போனார். இரண்டு நாள் வெயிலில் காய்ந்த மேல் உப்பின் மேலே தட்டை வைத்தார். ஈர மணலில் அந்தக் கத்துக் கத்திய மிஷின், இப்போது நல்ல பிள்ளையாக இருந்தது.

"தண்ணியில கரைஞ்ச உப்புதாண்டா கரண்டைக் கடத்தும். காய்ஞ்ச உப்பு பேசாது!"

* * *

அடுத்த பிரச்னை, அம்பாரம் மலை மாதிரி இருந்தது. உள்ளே ஈரம் வேறு. இங்கே எந்த மிஷினும் உதவாது. அக்காதான் உதவினாள். வெள்ளிக்கிழமை எந்தப் பாத்தியை முதலில் வாரினார்கள், யார் யார் சுமந்தார்கள், எந்த மூலையில் கொட்டினார்கள் என்று கூட வேலை செய்த இரண்டு பெண்களோடு விரல் விட்டு எண்ணினாள். "தெக்கு மூலை. மேலாகத்தான் இருக்கும். அறுபது கூடைக்கு மேல போவாது."

மேஸ்திரி முகம் சுருங்கிற்று. "மண்ணு கலந்தா வெலை போவாது ஸார்." தார்ப்பாய் விரித்து, திரும்ப அப்படியே கொட்டிவிடுவதாகச் சத்தியம் செய்தோம்.

பனைமரத்தடி மணல் மேட்டில் தார்ப்பாய். பெண்கள் ஒவ்வொரு கூடையாகக் கொண்டுவந்து மெல்லிசாகப் பரப்ப, சிக்னலும் லைன்மேன் ஸாரும் மாறி மாறித் தடவினார்கள். முதல் கூடையிலேயே 'டிங்'! எல்லோரும் பாய்ந்தோம். அலுமினிய அன்னக்கூடை பக்கத்தில் இருந்தது. அதைத் தள்ளி வைத்தோம். மறுபடி 'டிங்'. பரப்பின பெண்ணின் கால் மெட்டி! "தள்ளி நில்லுங்கக்கா, தள்ளி நில்லுங்க" என்று சிக்னல் தொண்டை கட்டிப்போனான்.

பத்தாவது கூடையில் ஒரு ஊக்கு. இருபதில் ஒரு கம்பித் துண்டு. முப்பத்திரண்டில் சோடா மூடி. வெயில் மண்டையைப் பிளந்தது. "உப்புலேர்ந்து இரும்பெல்லாம் எடுத்துக் குடுக்கறீங்க, பரவால்ல" என்று மேஸ்திரியே சமாதானமாகி மோர் வரவழைத்தார்.

நாற்பத்து மூன்றாவது கூடை. லைன்மேன் ஸார் முறை. மெல்லிசாக ஒரு சத்தம், கொசு மாதிரி. "நீயும் பார்" என்றார். சிக்னல் தட்டைக் கொண்டுவந்தான். 'டிங்'. திரையில், காலையில் பார்த்த அதே எண்!

நாங்கள் குனிவதற்குள் அக்காவின் கை போய்விட்டது. ஒரு பிடி உப்பை அள்ளி, விரல் இடுக்கில் ஒழுகவிட்டாள். கடைசியில் உள்ளங்கையில் தங்கியது, உப்பு ஒட்டிய கம்மல்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திருகாணி போயிருந்தது. கம்மலைப் புடவைத் தலைப்பில் முடிந்து, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"ஐப்பசி வந்தா இது மறுபடி கடைக்குத்தான் போவும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

"அதுக்காகவா இவ்வளவு பாடு?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"தொலையறதும் அடகுக்குப் போறதும் ஒண்ணா தம்பி? அடகுல இருந்தா கையில சீட்டு இருக்குமில்ல!"

* * *

திரும்பும்போது பஸ்ஸில் சிக்னல் பேசவே இல்லை. மடியில் மிஷின். காலடியில், வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் அக்கா கட்டிக்கொடுத்த ஒரு பை உப்பு. பையனுக்கு ஞானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை லஞ்ச். டப்பாவைத் திறந்ததும் ஆரம்பித்தான். "ஸார், அடுத்த மாடல் பத்திப் பேசிக்கறாங்க. உப்பை இன்னும் நல்லாப் பிரிக்குமாம்."

"எந்தக் கூடைன்னு சொல்லுமா?"

சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அதுக்கு அந்த அக்காதான் வரணும் ஸார்."